சணலை முறுக்கி அலையைத் திருப்பிய மேதை ஜகதீச சந்திர போஸ்

கல்கத்தாவில் ஒரு கல்லூரி. அங்கே குளியல் அறையை ஒட்டி ஒரு சின்ன இடம். பரப்பு 24 சதுர அடிதான். ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும்.

அந்த இடத்தைத் தன் ஆராய்ச்சிக்கூடமாக வைத்துக்கொண்டு, ஒருவர் சணலைக் கொண்டுவரச் செய்து முறுக்கினார். கோணி தைப்பார்களே, அதே சணல்தான்!

அவர் கயிறு திரிக்கும் தொழிலாளி அல்ல. கேம்பிரிட்ஜில் படித்துப் பட்டம் பெற்ற பேராசிரியர். கண்ணுக்குத் தெரியாத மின்சார அலையை, சணல் முறுக்கின் வழியே செலுத்தித் திருப்பிக் காட்டினார்.

உலக விஞ்ஞானிகள் வியந்தார்கள். அந்த வேலையின் முழு அருமை, 100 ஆண்டுகளுக்குப் பிறகுதான் உலகத்துக்குப் புரிந்தது.

அந்தப் பேராசிரியர்தான் ஜகதீச சந்திர போஸ்.

கொள்ளைக்காரன் தோளில் பள்ளிக்கூடம்

போஸ், 1858-ம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ந்தேதி பிறந்தார். ஊர், மைமன்சிங். இப்போது வங்காள தேசத்தில் இருக்கிறது.

தந்தையின் பெயர் பகவான் சந்திர போஸ். தாயார் பாமசுந்தரி. தந்தை சர்க்கார் உத்தியோகஸ்தர். டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்தார்.

அந்தக் காலத்தில், பெரிய உத்தியோகஸ்தர்கள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். அதுதான் கவுரவம் என்று நினைப்பார்கள். பகவான் சந்திரர் அப்படி நினைக்கவில்லை. பிள்ளை முதலில் தாய்மொழி படிக்கவேண்டும், தன் மக்களோடு பழகவேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆகவே, மகனை வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

வகுப்பில் போசுக்கு ஒரு பக்கம், தந்தையிடம் வேலை பார்த்த முஸ்லிம் சேவகரின் மகன் உட்கார்ந்திருப்பான். இன்னொரு பக்கம், மீனவர் வீட்டுப் பிள்ளை. மீன்களைப் பற்றியும், பறவைகளைப் பற்றியும் அவர்கள் சொல்லும் கதைகளை வாயைப் பிளந்துகொண்டு கேட்பார், போஸ். இயற்கையின் மீது அவருக்கு ஆசை பிறந்தது, அந்தப் பெஞ்சில்தான்.

பள்ளிக்கூடத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனவன் யார் தெரியுமா? ஒரு பழைய கொள்ளைக்காரன்! அவனுக்குச் சிறைத் தண்டனை கொடுத்தவரே பகவான் சந்திரர்தான். தண்டனை முடிந்து வெளியே வந்தவனுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. பகவான் சந்திரர் அவனைத் தன் வீட்டிலேயே வேலைக்கு அமர்த்திக்கொண்டார். தன் பிள்ளையையும் அவனிடம் நம்பி ஒப்படைத்தார்.

டாக்டர் படிப்பு நின்றது

பிறகு போஸ் கல்கத்தாவுக்கு வந்தார். செயின்ட் சேவியர் பள்ளியிலும், அதே பெயருள்ள கல்லூரியிலும் படித்தார். அங்கே லபோன் என்ற பாதிரியார் விஞ்ஞானம் கற்பித்தார். அவர் பாடத்தை வாயால் மட்டும் சொல்ல மாட்டார். கருவிகளை வைத்துச் செய்து காட்டுவார். அவரிடம்தான் போஸ் பரிசோதனைக் கலையைக் கற்றார்.

1880-ம் ஆண்டு, டாக்டருக்குப் படிப்பதற்காக லண்டன் போனார். ஏற்கனவே அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. பிணத்தை அறுக்கும் அறையில் வீசிய நெடி, உடம்பை மேலும் கெடுத்தது. படிப்பை விடவேண்டியதாயிற்று.

மனம் தளராமல் கேம்பிரிட்ஜ் சென்றார். கிறிஸ்து கல்லூரியில் சேர்ந்து, விஞ்ஞானம் படித்தார். புகழ்பெற்ற விஞ்ஞானி ராலே பிரபு அவருக்கு ஆசிரியராக அமைந்தார். 1884-ல் கேம்பிரிட்ஜ் பட்டமும், லண்டன் பட்டமும் பெற்றார்.

மூன்று ஆண்டு சம்பளம் இல்லை!

1885-ல் தாயகம் திரும்பினார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பவுதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் அதில் ஓர் அநீதி இருந்தது.

ஒரே வேலைக்கு, வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு முழுச் சம்பளம். இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்குதான். போசின் பதவி தற்காலிகமானது என்று சொல்லி, அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, வெள்ளைக்காரருக்கு 3 ரூபாய் என்றால், போசுக்கு 1 ரூபாய்.

போஸ் கூச்சல் போடவில்லை. வேலையை உதறவும் இல்லை. தினமும் கல்லூரிக்குப் போனார். நன்றாகப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல. மூன்று ஆண்டுகள்!

வீட்டிலோ கஷ்டம். ஏழைகளுக்கு உதவவேண்டும் என்று தந்தை தொடங்கிய தொழில்கள் நஷ்டமாகி, பெரும் கடன் ஏற்பட்டிருந்தது. அந்த நிலையிலும் போஸ் அசையவில்லை.

கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. வேலையை நிரந்தரமாக்கி, மூன்று ஆண்டுச் சம்பளத்தையும் முழு விகிதத்தில் கணக்கிட்டு மொத்தமாகக் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

சென்னையில் படித்த மனைவி

இந்தக் கஷ்ட காலத்தில்தான், 1887-ல், போசுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் பெயர் அபலா.

அபலாவுக்கும் டாக்டர் ஆகவேண்டும் என்று ஆசை. அப்போது கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் இல்லை. ஆகவே 1882-ல் சென்னைக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் படித்தார். உடல்நலம் குன்றியதால், படிப்பை முடிக்காமல் ஊர் திரும்பினார்.

கணவர், மனைவி இருவருமே டாக்டர் படிப்பைத் தொடங்கி, நோயினால் விட்டவர்கள். கணவர் சம்பளம் வாங்காத நாட்களிலும், அபலா முகம் கோணாமல் குடும்பம் நடத்தினார். பிற்காலத்தில், பெண் கல்விக்காகப் பெரும் தொண்டு செய்தார்.

கடுகு போன்ற அலை

1894-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி, போசுக்கு 36 வயது நிறைந்தது. இனி என் வாழ்க்கை ஆராய்ச்சிக்கே என்று அன்று அவர் உறுதி செய்துகொண்டார்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மின்சாரப் பொறியிலிருந்து அலைகள் கிளம்புகின்றன என்று நிரூபித்திருந்தார். இன்று ரேடியோவையும், செல்போனையும் நடத்துபவை அந்த அலைகள்தான். ஒளியும் அதே இனத்தைச் சேர்ந்த அலைதான். இரண்டுக்கும் அளவில்தான் வித்தியாசம்.

ஹெர்ட்ஸ் கண்ணாடி வைத்து ஆராய்ந்த அலை, சுமார் 66 சென்டிமீட்டர் நீளம் உள்ளது. அதற்குப் பெரிய பெரிய கருவிகள் வேண்டும். அலையைச் சிறிதாக்கினால், கருவியும் சிறிதாகும், ஒளியைப் போலவே அலையையும் ஆராயலாம் என்று போஸ் கண்டுகொண்டார்.

கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. குளியல் அறையை ஒட்டிய அந்தச் சின்ன இடம்தான் கிடைத்தது. படிப்பு இல்லாத தகர வேலைக்காரர் ஒருவரைப் பிடித்து, பழக்கி, கருவிகளைத் தாமே செய்துகொண்டார்.

5 மில்லிமீட்டர் நீளமே உள்ள அலையை உண்டாக்கினார்! அது விநாடிக்கு 6 ஆயிரம் கோடி முறை அதிரும் அலை. அவ்வளவு சின்ன அலையை வைத்துக்கொண்டு, அப்போது உலகத்தில் வேறு யாரும் இத்தனை ஆராய்ச்சி செய்ததில்லை.

1895-ல், அந்த அலையின் சக்தியைப் பலர் முன்னிலையில் காட்டினார். இடையே சுவர்கள். கம்பித் தொடர்பு எதுவும் இல்லை. இங்கே அலையைக் கிளப்பினார். அங்கே மணி அடித்தது! வெடி மருந்து வெடித்தது!

ரயில்வே அட்டவணை செய்த வேலை

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய அற்புதம். அதைப் புரிந்துகொள்ள, ஒரு கயிறு போதும்.

கயிற்றின் ஒரு நுனியை மரத்தில் கட்டுங்கள். மறு நுனியைக் கையில் பிடித்து, மேலும் கீழுமாக உதறுங்கள். அலை ஓடும். இப்போது, நடுவில் ஜன்னல் கம்பிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் செங்குத்தாக நின்றால், மேலும் கீழும் ஆடும் அலை இடுக்கு வழியே போய்விடும். பக்கவாட்டில் ஆடும் அலை, கம்பியில் முட்டி நின்றுவிடும்.

ஒளிக்கும் இப்படி ஒரு திசை உண்டு. சில படிகக் கற்கள், ஜன்னல் கம்பி போல் நின்று, ஒரு திசையில் ஆடும் ஒளியை விட்டு, மற்றதைத் தடுக்கும். மின்சார அலையையும் அப்படித் தடுக்கும் பொருள்களைப் போஸ் தேடினார். நெமலைட் என்ற நார் போன்ற கனிமம், அந்த வேலையை நன்றாகச் செய்தது. நாரின் நீளத்தில் ஒரு விதமாகவும், குறுக்கில் வேறு விதமாகவும் அது மின்சாரத்தைக் கடத்துவதே அதற்குக் காரணம் என்று கண்டார்.

காரணம் தெரிந்துவிட்டது. பிறகு, இயற்கை கொடுக்கும் கல்லுக்கு ஏன் காத்திருக்கவேண்டும்? நாமே செய்துகொள்ளலாமே!

ஒரு பிராட்ஷா ரயில்வே அட்டவணைப் புத்தகத்தை எடுத்தார். பக்கங்களுக்கு இடையே வெள்ளீயத் தாள்களைச் செருகினார். அந்தப் புத்தகத்தை ஒரு விதமாகப் பிடித்தால், அலை போயிற்று. திருப்பிப் பிடித்தால், நின்றுவிட்டது. ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லும் புத்தகம், படிகக் கல்லின் வேலையைச் செய்தது!

சணல் முறுக்கின் ரகசியம்

சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு குணம் உண்டு. அதன் வழியே போகும் ஒளியின் திசை, சற்றுத் திரும்பிவிடும். சில வகைச் சர்க்கரை வலப்பக்கம் திருப்பும். சில வகை இடப்பக்கம் திருப்பும். சர்க்கரை அணுக்களின் அமைப்பில் ஏதோ ஒரு முறுக்கு இருப்பதே அதற்குக் காரணம் என்று விஞ்ஞானிகள் கருதினார்கள். அணுக்களை யார் கண்ணால் பார்ப்பது?

போஸ் அதைப் பெரிதாகச் செய்து பார்த்துவிட முடிவு செய்தார். வங்காளத்தில் சணலுக்குப் பஞ்சமா? சணல் கற்றைகளை எடுத்தார். சிலவற்றை வலப்பக்கமாக முறுக்கினார். சிலவற்றை இடப்பக்கமாக முறுக்கினார்.

இரண்டு தடுப்புகளை வைத்தார். ஒன்று நின்ற கம்பி ஜன்னல் போல. மற்றது படுத்த கம்பி ஜன்னல் போல. முதல் தடுப்பைத் தாண்டிய அலை, இரண்டாவதில் முட்டி நின்றது. கருவியின் முள் அசையவில்லை.

இப்போது நடுவில் முறுக்கிய சணலை வைத்தார். முள் அசைந்தது! சணல் முறுக்கு, அலையின் திசையைத் திருப்பியிருக்கிறது. திரும்பிய அலை, இரண்டாவது தடுப்பைத் தாண்டி வந்திருக்கிறது. வல முறுக்கு ஒரு பக்கம் திருப்பியது. இட முறுக்கு மறு பக்கம் திருப்பியது.

1898-ல், லண்டன் ராயல் சொசைட்டி இந்த ஆராய்ச்சியை வெளியிட்டது.

அதே சணல், அதே நார்தான். முறுக்கின் பக்கத்தை மாற்றியவுடன், வேலையும் மாறிவிட்டது. ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைப் போலவே, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். அந்த அடுக்கை மனிதன் தன் கையால் செய்துகொள்ளலாம். போஸ் கண்ட பேருண்மை இதுதான்.

மேல்மாடிக்கு ஏறி வந்த பிரபு

இதற்கு முன்பே போசின் புகழ் இங்கிலாந்தில் பரவியிருந்தது. 1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே ஆண்டு, லிவர்பூல் நகரில் விஞ்ஞானிகள் மாநாட்டில், தன் கருவிகளை இயக்கிக் காட்டினார். கூட்டத்தில், உலகப் புகழ் பெற்ற கெல்வின் பிரபுவும் இருந்தார்.

பேச்சு முடிந்தது. வயது முதிர்ந்த கெல்வின், கால் ஊனத்தைப் பொருட்படுத்தாமல், பெண்கள் உட்கார்ந்திருந்த மேல்மாடிக்கு ஏறிச் சென்றார். அங்கே இருந்த அபலாவிடம், அவருடைய கணவரின் வேலையைப் பாராட்டினார்.

கல்லை எழுப்பிய ஒளி

அலையைக் கண்டுபிடிக்க, நல்ல கருவி வேண்டும். போஸ் பலவிதப் பொருள்களைச் சோதித்தார். கடைசியில் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தார். அது ஈயத்தின் தாது. கலீனா என்று பெயர். உடைத்தால் பளபள என்று மின்னும்.

அந்தக் கல்லில் ஒரு கூர்முனையைத் தொடவைத்து, மின்சாரம் ஓடவிட்டார். மின்சார அலை வந்து பட்டவுடன், ஓடும் மின்சாரத்தின் அளவு மாறியது. முள் அசைந்தது.

ஒளியைப் பாய்ச்சினார். அதற்கும் முள் அசைந்தது! கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், தெரியாத அலைக்கும், அந்தக் கல் ஒரே மாதிரி பதில் சொன்னது.

அதாவது, ஒளி பட்டால் கல்லின் மின்சாரக் குணமே மாறுகிறது. உறங்குபவனைத் தட்டி எழுப்புவதுபோல, ஒளி கல்லுக்குள் புகுந்து மின்சாரத்தை எழுப்பிவிடுகிறது.

இந்தக் கருவிக்குத் தேஜோமீட்டர் என்று பெயர் வைத்தார், போஸ். தேஜஸ் என்றால் ஒளி. மனிதனின் கண், ஒளியில் ஒரு சிறு பகுதியைத்தான் பார்க்கும். இந்தச் செயற்கைக் கண்ணோ, நம் கண்ணுக்கு எட்டாததையும் பார்த்தது. 1901-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இதைக் காட்டினார்.

தேடி வந்த செல்வம்

அப்போது கம்பி இல்லாத் தந்தி, உலகத்தைக் கலக்கிக்கொண்டிருந்தது. இத்தாலியரான மார்க்கோனி, நீண்ட அலைகளை வைத்துக் கடல் கடந்து செய்தி அனுப்பப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தொழிலில் கோடி கோடியாகப் பணம் புரளும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

லண்டனில், தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் போசைத் தேடி வந்தார். கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யும்படியும், லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

போஸ் மறுத்துவிட்டார். அறிவை விற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆசைக்கு ஒரு முறை இடம் கொடுத்தால், பிறகு மீளமுடியாது என்று பயந்தார். நண்பர் தாகூருக்கு இதைப் பற்றிக் கடிதமும் எழுதினார்.

போசின் மீது தாய் போல் அன்பு வைத்திருந்தவர், சாரா புல் என்ற அமெரிக்க அம்மையார். அவரும், விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதையும் வற்புறுத்தினார்கள். அதன் பேரில், கலீனாக் கருவிக்கு அமெரிக்காவில் உரிமை கேட்டு மனு போடப்பட்டது. 1904-ம் ஆண்டு மார்ச் 29-ந்தேதி உரிமை கிடைத்தது. அரைக்கடத்தி என்று சொல்லப்படும் பொருளைக் கொண்டு செய்த கருவிக்கு, உலகிலேயே முதன்முதலாகக் கிடைத்த உரிமை அது என்று கருதப்படுகிறது.

இன்று டிரான்சிஸ்டரும், கம்ப்யூட்டரும் அரைக்கடத்திகளால்தான் ஓடுகின்றன. போஸ் அந்த உரிமையிலிருந்து ஒரு காசு கூடச் சம்பாதிக்கவில்லை. காலாவதி ஆகும்படி விட்டுவிட்டார்.

செடியின் துடிப்பு

ஆராய்ச்சியின்போது, போஸ் ஒன்றைக் கவனித்தார். அலைகளை ஓயாமல் வாங்கிய கருவி, களைத்ததுபோல் மந்தமாகியது. சற்று ஓய்வு கொடுத்தால், மீண்டும் சுறுசுறுப்பாகியது. உயிர் இல்லாத உலோகத்துக்குமா களைப்பு?

இந்தக் கேள்வி, அவரைச் செடிகளின் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியைச் செய்தார். செடிக்குள் மின்சாரத் துடிப்பு ஓடுவதைக் காட்டினார். உயிர்நூல் வல்லுநர்கள் சிலர், பவுதிகக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று எதிர்த்தார்கள். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் பிற்கால விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆனால், செடிகளில் மின்சாரத் துடிப்பு உண்டு என்பது உறுதியாகிவிட்டது.

எல்லோருக்கும் சொந்தம்

1915-ல் போஸ் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-ல் சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 30-ந்தேதி, தன் 59-வது பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார்.

24 சதுர அடி இடத்தில் தொடங்கியவர் அல்லவா! இடம் இல்லாமல் தான் பட்ட பாட்டை, பின்னால் வரும் இளைஞர்கள் படக்கூடாது என்று நினைத்தார். அங்கே நடக்கும் கண்டுபிடிப்புகள் உலகப் பொதுச் சொத்து, உரிமை பெற்று விற்கப்படமாட்டா என்று திறப்பு விழாவிலேயே அறிவித்தார்.

1920-ல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1937-ம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ந்தேதி, கிரிதி என்ற ஊரில் போஸ் காலமானார். 79 வயது நிறைய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

நூறு ஆண்டுக்குப் பின்

போஸ் மறைந்தபோது, அவருடைய சின்ன அலைகளை உலகம் ஏறக்குறைய மறந்திருந்தது. பிறகு காலம் திரும்பியது. மில்லிமீட்டர் அலைகள் இன்று வானத்தை ஆராயும் தொலைநோக்கிகளிலும், கார்களின் ரேடாரிலும், 5-ஜி தொலைபேசியிலும் பயன்படுகின்றன. 1977-ல் நோபல் பரிசு பெற்ற மாட் என்ற விஞ்ஞானி, போஸ் தன் காலத்துக்கு 60 ஆண்டு முந்தியவர் என்று கணித்தார்.

சணலுக்கும் பெருமை வந்தது. இயற்கையில் இல்லாத குணத்தைத் தரும்படி, சின்னச் சின்ன உலோக வளையங்களை வரிசையாக அடுக்கி, விஞ்ஞானிகள் புதுமைப் பொருள்களைச் செய்கிறார்கள். அந்த வகைப் பொருளின் முன்னோடி எது என்று தேடியபோது, போசின் சணல் முறுக்கில் போய் நின்றார்கள்.

2006-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இன்னொரு படி ஏறினார்கள். அரைக்கடத்திப் பலகை மீது அத்தகைய வளையங்களைப் பதித்து, லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி பட்டவுடன் பலகைக்குள் மின்சாரம் விழித்துக்கொண்டது. வளையங்கள் அலைக்குக் காட்டிய குணம் மாறிவிட்டது. விளக்கை ஏற்றி அணைப்பதுபோல, ஒரு பொருளின் குணத்தை ஒளியைக் கொண்டு மாற்ற வழி பிறந்தது.

அடுக்கினால் குணம் மாறும் என்று காட்டியது, சணல். ஒளி பட்டால் குணம் மாறும் என்று காட்டியது, கலீனாக் கல். போஸ் இரண்டையும் தனித்தனியே செய்தார். புதிய விஞ்ஞானிகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

போஸ் தன் கையால் செய்த கருவிகள் சில, அவர் நிறுவிய நிலையத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. வானத்திலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்துக்குப் போஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூமியிலிருந்து பார்த்தால், அது தெரியாது. சந்திரனின் மறுபக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அலைகளைத் தேடியவருக்கு ஏற்ற இடம்தான்!